காலால் பிறந்தவளும் கட்டில் நாடாவும்

நான் காலால் பிறந்தவள். ஊரில் மற்ற பிள்ளைகள் எல்லாம் தலையை நீட்டிக்கொண்டு உலகத்துக்கு வர, நான் மட்டும் முதலில் இடது காலை நீட்டினேனாம். அம்மாவுக்கு அன்று உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் சேதி ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஊர் மரக்காணத்துக்கு வருவதற்குள் அம்மா பட்ட பாடெல்லாம் எங்கோ வழியில் விழுந்துவிட்டது. 'காலால பொறந்த பொண்ணு' என்பது மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. காலால் பிறந்தவர்கள் காலை வைத்துத் தடவிவிட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே நான் தொட்டிலில் கிடக்கும்போதே வைத்தியராகிவிட்டேன்.

எழுந்து நிற்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்கு நோயாளிகள் உண்டு. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில்தான் வருவார்கள். யாராவது ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். அம்மா பாயை விரிப்பாள். அவர் குப்புறப் படுப்பார். நான் காலைக் கழுவிக்கொண்டு வந்து அவருடைய இடுப்பில் வைத்து மூன்று தடவை கீழ்நோக்கித் தடவுவேன். 'அப்பாடா' என்று எழுந்து போவார்கள். சம்பளம் ஒரு வாழைப்பழம், இல்லாவிட்டால் கிரீம் பிஸ்கட். கூனிமேட்டிலிருந்து மீன் வியாபாரி ஒருவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் டிவிஎஸ்ஸில் வந்து, என் காலுக்குக் கழுத்தைக் காட்டிவிட்டுப் போனது உண்டு. அத்தனை பெரிய மனிதர் என் காலடியில் படுத்திருந்தார். அப்புறம் எனக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

சித்தப்பாவுக்கு மட்டும் இதில் நம்பிக்கை கிடையாது. ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் நுழையும்போதே, "டாக்டரம்மா கால் ப்ரீயா இருக்குதா, இல்ல வெயிட் பண்ணணுமா?" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அம்மாதான், "சும்மா இருங்க, கொழந்தய போயி" என்று அடக்குவாள்.

அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. ஆண்கள் வாரி ஒதுக்கிய உப்பைப் பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பு மேல் நடந்து போய் ரோட்டோரத்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். இரண்டு பாத்திக்கு நடுவில் ஓடும் வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம்தான் இருக்கும். ஒருத்தி பின் ஒருத்தியாகத்தான் போக முடியும். முதலில் போகிறவளின் நடைதான் எல்லோருக்கும் நடை. அவள் எட்டிப் போட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். தயங்கி நின்றாலோ நின்ற நேரமெல்லாம் கூடை கழுத்தை அழுத்தும். அந்த முதல் இடம் அம்மாவுடையது. அதற்குக் கூலி ஒரு பைசா கூடுதல் இல்லை. ஆனாலும் கூட வருகிற அத்தைமார்கள் என்னைப் பார்த்தால், "உங்கம்மா முன்னாடி போனாதாண்டி எங்களுக்கு நடையே வருது" என்பார்கள். நான் அதை வகுப்பில் போய் இரண்டு மடங்காக்கிச் சொல்வேன்.

அம்மாவின் வலது கால் முதன்முதலில் மடங்கியது நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது. வரப்பில் ஈர உப்பு வழுக்கி, பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. கணுக்கால் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. ஊரே சொன்னது, 'வீட்லயே வைத்தியம் வெச்சுட்டு ஏன் அழுவுற?' என்று. நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு அம்மா காலில் என் காலை வைத்துத் தடவினேன். சில நாளில் வீக்கம் வற்றியது. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தெரு முழுக்கப் பெயர்.

எங்கள் ஊர்க் கணக்கு அப்படித்தான். வீக்கம் வற்றிவிட்டால் சுளுக்கு போய்விட்டது. காய்ச்சல் விட்டால் குளிக்கிற மாதிரி, வீக்கம் விட்டால் வேலைக்குப் போய்விட வேண்டும். அம்மாவின் கால் மறுபடி மடங்கியது. நான் மறுபடி காலை வைத்தேன். வீக்கம் மறுபடி வற்றியது. பிறகு வரப்பே வேண்டாம் என்று ஆகிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மடங்கியது. கோயில் கூழ் ஊற்றலில் வரிசையில் சும்மா நிற்கும்போது மடங்கியது. ஒரு கல்யாணத்தில் பந்திக்குப் போகிற வழியில் சமதரையில் மடங்கி, அம்மா பக்கத்து வீட்டு அத்தையின் பட்டுப்புடவையைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள். ஒவ்வொரு தடவையும் நான் காலை வைத்தேன், ஒவ்வொரு தடவையும் என் காலுக்குப் பெயர். "அண்ணி, நீங்கதான் டாக்டரம்மாவுக்கு பெர்மனென்ட் கஸ்டமர்" என்றார் சித்தப்பா. அம்மாவும் சிரித்தாள். இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான்காம் வகுப்பில் இருந்தபோது, சீசன் முடிகிற சமயத்தில், அம்மா கூடையோடு விழுந்தாள். முன்னால் போனவள் விழுந்ததில் பின்னால் வந்த அத்தனை பேரும் தலைச்சுமையோடு வரப்பில் நின்றுவிட்டார்கள். திரும்பவும் வழியில்லை, விலகவும் வழியில்லை. அம்மாவின் கூடை உப்பு முழுக்கச் சேற்றில் கொட்டிவிட்டது. அம்மாவைத் தூக்கி நிறுத்தி வழி விடுவதற்குள் ஒரு அத்தைக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் உப்பளத்து மேஸ்திரி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கெட்டவர் இல்லை. அம்மாவின் காலைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுத்தான் பேசினார்.

"இதோ பாரும்மா, நீ வுழுந்தா உன்னோட போவல. பின்னாடி வர்ற அத்தினி பேரும் நிக்கிறாங்க. மழை வுட்டதும் மிதிப்புக்கு வா. கால் நின்னுதுன்னா பாத்துக்கலாம். நிக்கலன்னா முன்னாடி வேற ஆளு போவட்டும். நீ ஷெட்டுல உக்காந்து மூட்டை தைச்சுக்க."

மிதிப்பு என்பது சீசனின் முதல் வேலை. மழையில் ஊறிக் குழைந்து கிடக்கும் பாத்தியின் களிமண்ணை வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். தளம் கெட்டியானால்தான் உப்பு வெள்ளையாக இறங்கும், இல்லாவிட்டால் மண்ணோடு வரும். நல்ல கால்களுக்கே அது பெரிய பாடு. குழைமண் பாதத்தை இப்படியும் அப்படியும் இழுக்கும்.

மேஸ்திரி போனபிறகு அப்பா, "மூட்டை தைக்கிறது நெழல்ல உக்காந்து செய்யிற வேலைதானே, நல்லதா போச்சு" என்று ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தார். அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எம் பின்னாடி நடந்தவங்க போறத நான் உக்காந்து பாக்கணுமா? என்னால ஆவாது" என்றாள். அம்மா அழுது நான் பார்த்தது குறைவு. அன்று பார்த்தேன்.

எனக்கு வேறொரு அடி விழுந்தது. வகுப்பில் ஒருத்தி எழுந்து எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "உங்கம்மா காலையே உன்னால சரி பண்ண முடியல. நீ இன்னாடி வைத்தியம் பாக்குற?" மானம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தேன். மறுநாள் காலையில் ஒரு தாத்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். காலை வைக்க மாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினோம். கிரீம் பிஸ்கட்டுக்காகக்கூட நான் எழுந்து வரவில்லை.

சித்தப்பாதான் ஒருநாள், "கவுருமெண்ட் ஆஸ்பத்திரியில பிசியோதெரபிக்கு ஒரு மேடம் வர்றாங்களாம் அண்ணி. என் ஆட்டோவுலதான் நெறைய பேர் போறாங்க. கையாலயே அமுக்கி சரி பண்றாங்களாம்" என்றார். எலும்பு உடையாத காலுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று அம்மா இழுத்தாள். மழை பிடித்துக்கொண்டு வேலை இல்லாமல் போனதால் ஒருவழியாகக் கிளம்பினாள். பள்ளிக்கூடத்துக்கும் மழை லீவு. நானும் ஒட்டிக்கொண்டேன். என் தொழிலில் இன்னொரு ஆள் என்றால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

அந்த மேடத்துக்கு ஊர் கோட்டக்குப்பம். முக்காட்டின் மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் மழையிலேயே வந்து இறங்கினார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, அம்மாவைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். பாதத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரில் முட்ட வேண்டும். இடது முழங்கால் அலட்டிக்கொள்ளாமல் முட்டியது. வலது முழங்கால் பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னும் வளைத்தால் குதிகால் மேலே வந்தது. பிறகு வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார்கள். தலையில் கூடையோடு வரப்பில் நடக்கிற என் அம்மா, வெறுந்தலையோடு மொசைக் தரையில் நிற்க முடியாமல் கட்டிலைப் பிடித்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"எத்தினி தடவ மடங்கியிருக்குது?" என்றார்கள் மேடம்.

"கணக்கு வெச்சுக்கலைங்க" என்றாள் அம்மா.

"மொத தடவயே உள்ள புடிச்சிட்டு இருக்கிற நார் பிஞ்சிருக்கும்மா. வீக்கம் வத்துனதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சு ஓடிட்டீங்க. வீக்கம் அதுவா வத்திடும், நார் சேர நாளாவும். அது சேர்றதுக்குள்ள மறுபடி மடங்கி, மறுபடி மடங்கி, ஓரத்துல லூசாயிடுச்சு. முன்பக்கம் மூட்டு இறுகிடுச்சு. கால் எப்படி இருக்குதுன்னு மூளைக்கு சரியா சேதி போவல. அதான் சும்மா நின்னாலும் மடங்குது."

வீக்கம் அதுவாக வற்றிவிடும். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. வற்றியது அது, பெயர் வாங்கியது நான்.

மேடம் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, ஒரு கையால் கெண்டைக்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற வளைவைக் கணுக்காலின் முன்பக்கம் பதித்து, பின்னோக்கித் தள்ளினார்கள். தள்ளுவதும் விடுவதுமாக, ஒரே சீராக. மாவு பிசைகிற வேகம்கூட இல்லை. படபடவென்று சத்தம் வரும், அம்மா கத்துவாள் என்று காத்திருந்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "வலிச்சா சொல்லுங்க, பல்லக் கடிச்சுக்காதீங்க" என்று வேறு சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவை மறுபடி சுவர்முன் நிறுத்தினார்கள். அம்மாவின் வலது முழங்கால் முன்பைவிட முன்னே போனது. முட்டவில்லை, ஆனால் போனது. "அட!" என்றாள் அம்மா, தன் காலை யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு.

எனக்குத் தாங்கவில்லை. "நான் காலால பொறந்தவ" என்றேன், யாரும் கேட்காமலே. "எங்கம்மாவுக்கு நான்தான் கால் வெச்சுட்டு இருந்தேன். அதனால ஒண்ணுமே ஆவலையா?"

சித்தப்பாவைப் போலச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார்கள், பிறகு அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்து, "கொழாய்ல ரொப்பிட்டு வா போ" என்றாள். குழாயில் கூட்டம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்று, பிடித்துக்கொண்டு வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

திரும்பி வந்தபோது மேடத்தின் கையில் ஒரு அகலமான பெல்ட் இருந்தது. "வாம்மா டாக்டர், உனக்காகத்தான் நிக்கிறோம்" என்றார்கள். அம்மா வலது காலை முன்னால் வைத்து நின்றிருந்தாள். கணுக்காலின் முன்பக்கம் ஒரு துண்டை மடித்து வைத்து, அதன் மேல் பெல்ட்டைப் போட்டு, இரண்டு நுனியையும் பின்னால் தரைக்கு இழுத்தார்கள். "நான் கையால தள்ளுனேன் இல்ல, அதையே இந்த பெல்ட்டு பின்னாடி இழுத்துப் புடிச்சுக்கும். உங்கம்மா முழங்காலை முன்னாடி மடக்குவாங்க. ஆனா நுனிய யாராவது அசையாம மிதிச்சுட்டு நிக்கணும். கெட்டியான கால் வேணும். நிப்பியா?"

நிப்பியாவாவது! ஏறி நின்றேன். அம்மா முழங்காலை வளைத்தாள். பெல்ட் என் பாதத்துக்கு அடியில் விறைத்தது. அம்மாவின் கால் இழுப்பது என் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன்.

"அடேங்கப்பா, இன்னா அழுத்தம்! தெனமும் செய்யணும், சரியா? வலின்னு சொன்னா உடனே விட்டுடணும். குதிகால் தூக்குச்சுன்னா அதட்டணும்."

அதட்டுவதற்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா?

வீட்டில் பெல்ட் இல்லை. உடைந்துபோன கட்டிலின் நைலான் நாடாவை அப்பா அவிழ்த்துக் கொடுத்தார். அந்த மழைக்காலம் முழுக்க, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா துண்டை மடித்துக்கொண்டு காத்திருப்பாள். நான் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நாடா மேல் ஏறுவேன். "குதிகால் எழும்புது மா! கீழ வையி!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மேடம் கையால் தள்ளிவிட்டதும் திரும்பி வருவோம். ஒற்றைக்காலில் நிற்கிற பயிற்சியும் உண்டு. அம்மா சோறு கொதிக்கிற நேரமெல்லாம் அடுப்பு முன்னால் ஒற்றைக்காலில் நிற்பாள். அது பழகியதும், மடித்த சாக்கின் மேல் நின்றுகொண்டு தூக்கிப்போடும் பொருளைப் பிடிக்கச் சொன்னார்கள். சித்தப்பா வெங்காயத்தைத் தூக்கிப் போடுவார். அம்மா பிடிப்பாள். ஒருநாள் வேண்டுமென்றே தக்காளியைப் போட்டார். அம்மா சாக்கிலிருந்து இறங்காமலே அதைப் பிடித்து அவர் சட்டை மேலேயே திருப்பி எறிந்தாள். கால் ஆடவில்லை. எங்களுக்குச் சிரிக்கவே நேரம் பிடித்தது, அவ்வளவு ஆச்சரியம்.

ஒரு வாரம் ஆஸ்பத்திரிச் சுவரில் அம்மாவின் வலது முழங்கால் டொக்கென்று முட்டியது. மேடம் கை தட்டினார்கள். அம்மாவுக்கு அல்ல, எனக்கு. அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். அதற்குள் எங்கள் வாசலுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் திரும்பி வந்திருந்தார்கள். நான் ரொம்பப் பெரிய மனுஷியாக, "ஆஸ்பத்திரிக்கும் போய்க் காட்டிடுங்க" என்று சொல்லித்தான் காலை வைத்தேன்.

பொங்கல் கழிந்து மிதிப்பு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் நானும் போய் வரப்பில் நின்றுகொண்டேன். ஆணும் பெண்ணுமாக வரிசையாகப் பாத்தியில் இறங்கினார்கள். அம்மா நடுவில் நின்றாள். மேஸ்திரி குடையை ஊன்றிக்கொண்டு அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் களிமண்ணில் இறங்கியது. முழங்கால் பாதத்துக்கு மேலே முன்னே போனது. மண் இழுத்தது. அம்மா ஒரு நொடி நின்றாள். பிறகு காலை நேராகப் பிடுங்கி அடுத்த மிதியை வைத்தாள். அடுத்தது, அதற்கடுத்தது. வெயில் ஏறும்வரைக்கும் மிதித்தார்கள். பக்கத்தில் மிதித்த இரண்டு பேர் வழுக்கி உட்கார்ந்தார்கள். என் அம்மா உட்காரவில்லை.

மேஸ்திரி குடையைச் சுருக்கிக்கொண்டு, "சரி சரி, கூடை எடுக்கறப்போ நீயே முன்னாடி போ" என்றார்.

நான் குறுக்கே ஓடிப்போய், "அந்தக் காலுக்கு நாடா மிதிச்சது நான்தான்" என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஓ, அப்பிடியா கண்ணு" என்றார். சேற்றோடு நின்ற அத்தைமார்கள் எல்லாம் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆமா, எம் பொண்ணுதான்" என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டுக்கும் அந்த அளவு மார்பு விரிந்ததில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவில்லை. அம்மா இன்றைக்கும் வரப்பில் முதல் ஆளாகத்தான் போகிறாள். எனக்குச் சென்னையில் வேலை. அங்கே யாராவது நொண்டி நடந்தால், என் அம்மாவின் கணுக்காலை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்ற கதையை ஆரம்பித்துவிடுவேன். கேட்டுக் கேட்டுக் கூட வேலை செய்கிறவர்களுக்கு மனப்பாடம்.

போன மழைக்கு லீவில் வந்திருந்தேன். வீட்டுக்குள் அம்மா யாருக்கோ ஏதோ சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. அடுத்த தெருவிலிருந்து புதிதாக உப்பளத்துக்கு வருகிற பெண். அவளுக்கும் கால் மடங்கிக்கொண்டே இருக்கிறதாம். அதே ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாள், வீட்டில் செய்யச் சொன்னது மறந்துவிட்டதாம். அம்மா தன் காலிலேயே செய்து காட்டிக்கொண்டிருந்தாள். வலது கால் முன்னே, இடது கால் பின்னே. மடித்த துண்டு, அதன் மேல் நாடா. நாடாவின் இரண்டு நுனியையும் பின்னால் இழுத்து, தன் இடது காலாலேயே மிதித்துக்கொண்டு, முழங்காலை முன்னே வளைத்தாள். நாடா விறைத்தது. அவ்வளவுதான். பின்னால் யாரும் இல்லை.

நான் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "அம்மா, நுனிய மிதிக்க ஆளு வேணாமா?"

"எதுக்கு ஆளு? அதான் இன்னொரு கால் சும்மா இருக்குதே."

"அப்ப நான் மிதிச்சது?"

அம்மா நிமிரவில்லை. குனிந்து துண்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"மொத நாளே அந்த மேடம் இப்பிடித்தாண்டி காமிச்சாங்க. நீ தண்ணி புடிக்கப் போயிருந்த. நான்தான் கேட்டேன், இதுல எம் பொண்ணு காலுக்கும் ஒரு வேலை குடுங்கன்னு."